ஒரு டிக் தண்ணீர், இரண்டு டிக் வா

கூடத்தில் ரிலே "டிக்" என்றது. பல்பு ஒருமுறை எரிந்து அணைந்தது. கட்டிலோரம் கஞ்சிக் கரண்டியும் கையுமாக உட்கார்ந்திருந்த ஐரின் நிமிர்ந்தாள். புருஷன் பவுல்சாமியின் கை அவள் மடியில் கிடந்தது. சுவிட்ச் எட்டாத தூரத்தில், மேஜைமேல்.

பக்கவாதத்தில் பேச்சு போனதிலிருந்து அந்தச் சுவிட்ச்தான் அவருக்கு வாய். பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் பாடம் நடத்திய ஐரின் தானே ஒயர் இழுத்துச் செய்தது. சுவிட்சை அழுத்தினால் கட்டிலோரச் சின்ன கண்ட்ரோலர் போர்டு சொல்லும், கூடத்துப் பெட்டியில் ரிலே "டிக்" என்று பல்பைப் போடும். ஒரு டிக் என்றால் தண்ணீர். இரண்டு டிக் என்றால், பக்கத்தில் வந்து உட்கார். அந்தக் கூப்பிடலும் பொய்யாகிவிட்டால் அவரிடமிருந்து அவளுக்கு வர என்ன மிச்சம்?

மந்தைவெளியிலிருந்து தம்பி டெரன்ஸ் வந்து ரிலே பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தான்.

"இன்னாக்கா, ஊருக்கே பாடம் எடுத்துட்டு, ரெண்டையும் சேக்குற இந்த ஜம்பர கயட்டாம வுட்டுக்கீறியே! தனித்தனி அடாப்டர் குடுத்தும் போர்டு பக்கமும் ரிலே பக்கமும் ஒட்டிக்கினு கீது. பம்பு மோட்டார் ஓடுனா இது தானா அடிக்கும்."

"அப்ப அவரு கூப்பிடலையா?"

"மாமா நல்லா தூங்கறாருக்கா." நகமளவு ஜம்பர் துண்டைப் பிடுங்கி அவள் கையில் வைத்தான். "இனிமே நடுவுல ஒயரே இல்ல. இந்தக் கறுப்பு சில்லுக்குள்ள ஒரு வெளக்கு எரியும், எதிர்ல ஒரு கண்ணு அதப் பாக்கும். வெளிச்சம் மட்டுந்தான் தாண்டும்."

தலையாட்டினாள். நிம்மதியா, ஏமாற்றமா, அவளுக்கே தெரியவில்லை.

அவன் போனபின் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. இடி இடித்தால் எப்போதும் செய்கிறபடி இரண்டு அடாப்டர்களையும் பிடுங்கிப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் தெருவே இருண்டது. மின்விசிறி முனகி முனகி நின்றது, டெட்டால் வாசனையும் ஈரச்சுவர் வாசனையும் அறையில் தேங்கின, பாலத்தில் ஒரு ரயில் போய் அதன் அதிர்வும் அடங்கியது. கட்டிலில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

கை ஜில்லென்றிருந்தது. விரல்கள் மடங்கவில்லை. மூக்கருகே கை வைத்தாள்; மூச்சு இல்லை.

எப்போதிலிருந்து?

அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவ வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

டிக்.

கூடத்தில்தான். கரண்ட் இல்லாத கூடத்தில்.

டிக்.

பல்பு எரிந்தது. அணையவில்லை.

"இங்கதாங்க இருக்கேன்," என்றாள்.

வெளிச்சம் கதவைத் தாண்டி அவர் முகத்தில் விழுந்தது. எதிரில் ஒரு கண் திறந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் உள்ளங்கையில், விறைத்த கட்டைவிரல் அழுந்தியது.

மறுபடியும் அழுந்தியது.