சுவரில் ஒட்டிய காகிதம்

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த ஸனூஸ், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வழக்கம்போல ஒரு தகரக் கோப்பையில் கோதுமை மாவுப் பசை கிண்டினார். குசினியின் பின்சுவரில் மேலிருந்து கீழாக ஓடிய வெடிப்பின் குறுக்கே, பழைய பேப்பரில் கிழித்த விரலகலத் துண்டு ஒன்றை ஒட்டி, தச்சுப் பென்சிலால் அதில் தேதி போட்டார். அடுத்த வெள்ளிக்குள் காகிதம் கிழிந்திருந்தால் சுவர் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

"வெடிப்பப் பூசிட்டு வித்துட்டுப் போவமே," என்றாள் ஷாகிரா. அதை அவள் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்லி வீடு விக்க ஏலா ஷாகிரா. நாலு வெள்ளி கிழியாம நிண்டா விப்பம். பிளேன்டீய மூடி வை, பின்னுக்கு மழத் தண்ணி ஓட கான வெட்டி விட்டுட்டு வாறன்."

அவள் தேநீர்க் கோப்பையைப் பீரிசால் மூடினாள். மழை விட்டிருந்தது. லொறியில் கருங்கல் கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. அவள் பின்கதவைத் திறந்தபோது அங்கே முற்றம் இல்லை, கான் இல்லை, சிவப்பு மண் மட்டும் கதவின் பாதி உயரத்துக்கு நின்றது.

பதினொரு நாள் தோண்டினார்கள். இனியும் தோண்டினால் வீடும் சேர்ந்து இறங்கிவிடும் என்று சொல்லி மெஷினை நிறுத்தினார்கள். உடல் கிடைக்காமல், மையித்து இல்லாமலே ஜனாஸா தொழுதார்கள். ஷாகிரா வெள்ளை உடுத்து, புருஷனுக்காக, ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தாவில் இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும். உயிருக்கு ஆபத்தென்றால் இத்தா இருக்கிற பெண் வேறு வீட்டுக்குப் போகலாம் என்று மௌலவி சொல்லி அனுப்பியிருந்தார். அவள் போகவில்லை. அழவும் இல்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கம், மண்ணுக்குள் அவர் இருந்தார். அது அவளுக்குத் தெரிந்த ஒரு விஷயம், அவ்வளவுதான், பக்கத்து வீட்டின் இலக்கம் தெரிந்திருப்பது போல.

ஜனவரிக் கடைசியில் ஸனூஸின் தம்பி மொஹிதீன் ஆள் வைத்து வெடிப்பைப் பூசி, குசினி முழுக்க வெள்ளை அடித்தான். முன்னறைத் திரைக்கு வெளியே நின்று பேசினான்.

"மதினி, பூனாகலையால ஒரு குடும்பம் வந்து ஈக்குது. ஜீவன் எண்டு, நல்ல பொடியன். நோன்புக்கு முந்தி குடுத்தாத்தான் இந்த வெல. அடுத்த மழ வந்தா நாய் கூட எட்டிப் பாக்காது."

ஜீவனின் மனைவி ஜெயந்தினி வீடு முழுக்க நடந்து பார்த்தாள். அவளுடைய செருப்பில்லாத கால் சத்தம் குசினியில்தான் அதிக நேரம் கேட்டது.

"அவ வீட்டப் பாக்கலீங்க, அடுப்பப் போட எடம் பாக்குறா," என்றான் ஜீவன்.

"பின்ன? தோட்டத்து லயத்துல ஒரே காம்பரா, ஆறு பேரு. நீங்க பொகையில படுத்துத் தூங்குவீங்க, நான் தூங்கணுமே." அவள் திரைக்கு அருகே வந்தாள். "அக்கா, எங்க பக்கம் மண்ணு சரியும்னு எழும்பச் சொல்லிட்டாங்க. அப்பாவோட சேமலாபப் பணம் மொத்தத்தையும் இதுலதான் போடுறோம். இங்க வரவேண்டிய மண்ணு வந்துருச்சு, இனி வராதுன்னு இவரு சொல்றாரு. அப்படித்தாங்களா?"

திரையில் ஒரு தையல் பிரிந்திருந்தது. ஷாகிரா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. எல்லோரும் போன பிறகு, பகலிலேயே மூடுபனி இறங்கி ஜன்னல்களை அடைத்துவிட, லுஹர் தொழுது ஸலாம் கொடுக்கும்போது, குசினியிலிருந்து தகரக் கோப்பையில் கரண்டி தட்டுப்படும் அந்தச் சிறிய, பொறுமையான சத்தம் அவளுக்குக் கேட்டது. எழுந்து போனாள். யாருமில்லை. ஈர மண்ணின் வாடையும் கொதித்த மாவின் வாடையும் கலந்து நின்றன. வெள்ளை அடித்த சுவரில், வெடிப்பு இருந்த இடத்தின் குறுக்கே ஒரு காகிதத் துண்டு. பசை இன்னும் காயவில்லை. அன்றைய தேதி.

மொஹிதீன் ஒட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அண்ணனின் வழக்கம் அவனுக்கும் தெரியும். மறுநாள் திரைக்குள்ளிருந்து சொன்னாள்:

"நாலு வெள்ளி கிழியாம நிக்கட்டும் தம்பி. நிண்டா தாறன். கிழிஞ்சா இல்ல."

"எங்கட நானா மாதிரியே பேசுறீங்க," என்றான் அவன். சிரிக்க முயன்றான்.

இரண்டாம் வெள்ளி பெப்ரவரி ஏழு. கரண்டிச் சத்தம் கேட்டதும் அவள் ஓடவில்லை, நடந்துதான் போனாள். முதல் துண்டு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே இரண்டாவது. அதில் ஏழின் நடுவே ஒரு கோடு இழுத்திருந்தது. ஸனூஸ் அப்படித்தான் ஏழு எழுதுவார். காகிதத்தின் ஓரத்தில் பாதி வாக்கியம் அச்சாகியிருந்தது: ஊவாவில் கடும் மழை. ஒக்டோபர் மாதத்துப் பேப்பர்.

அவளுக்குப் பயம் வரவேண்டும். வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சோறு வடித்தாள்.

மூன்றாம் வெள்ளி துண்டின் மேல் சிவப்பு மண்ணில் ஒரு பெருவிரல் ரேகை. புதுப்பூச்சு வெடித்து, பழைய கோடு வெளியே வந்திருந்தது. இப்போது அது சுண்டுவிரல் நுழையும் அகலம். ஆனாலும் மூன்று துண்டுகளும் கிழியவில்லை. தளர்ந்து தொங்கவும் இல்லை. அகன்ற வெடிப்பின் மேல், தோல் போல, விறைப்பாக நின்றன.

சுவர் நகர்ந்தால் காகிதம் கிழியும். சுவர் நகர்ந்திருந்தது.

அன்றுதான் பயம் வந்தது. தாமதமாக.

நான்காம் வெள்ளி. இத்தா முடிய இன்னும் இரண்டே நாள். மொஹிதீன் அவர்களை அழைத்து வந்திருந்தான். முன்னறையில் ஜெயந்தினி யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஆமாங்க, இன்னக்கி பேசி முடிச்சிருவோம். சொந்த வீடுங்க, சொந்த வீடு."

கரண்டிச் சத்தம்.

நின்றது.

"மதினி," என்றான் மொஹிதீன் திரைக்கு வெளியிலிருந்து. "பாத்துட்டுச் சொல்லுங்க. கிழிஞ்சா?"

அவள் குசினிக்குப் போனாள்.

சுவர் ஒரு சாண் அகலத்துக்குத் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. ஈரம். மண் மூச்சு விடுவது போல ஒரு வாடை. அந்தத் திறப்பின் குறுக்கே நான்கு துண்டுகள். பழைய மூன்றும் எப்படி அத்தனை நீண்டன என்று அவள் யோசிக்கவில்லை. நான்காவதில் அன்றைய தேதி. பசை வழிந்துகொண்டிருந்தது.

"மதினி?"

"அக்கா, நல்ல சேதியாச் சொல்லுங்க!" ஜெயந்தினியின் குரல். சிரிப்பு.

கிழிந்துவிட்டது என்று அவள் சொல்லவேண்டும்; வெடிப்பென்றால் மொஹிதீன் மறுபடி பூசிவிடுவான், காகிதம் கிழிந்தால்தான் அந்தக் குடும்பம் தப்பும். ஆனால் ஸனூஸின் வீட்டில், ஸனூஸின் சுவருக்கு முன்னால், அந்தப் பொய் அவள் வாயில் வரவில்லை. உண்மையாக்கிவிட்டால் சொல்லலாம். கையை நீட்டினாள். நான்காவது துண்டின் நடுவில் விரலைக் கொளுவி இழுத்தாள்.

அசையவில்லை.

இரண்டு கையாலும் பிடித்தாள். காலைச் சுவரில் ஊன்றினாள். வெறும் பேப்பர். ஈரப் பேப்பர்.

அப்போதுதான் அதன் விளிம்புகளைப் பார்த்தாள். வெடிப்பின் உள்ளேயிருந்து, இரண்டு பக்கமும், மண் அப்பிய விரல்கள். நகங்களில் மாவுப் பசை. மிகக் கவனமாக, காகிதம் சுருங்காமல், இறுக்கிப் பிடித்திருந்தன.

"மதினி, என்ன சொல்லட்டும்? கிழிஞ்சா?"

அவள் மறுபடி இழுத்தாள். மறுபடியும்.

காகிதம் கிழியவில்லை.