லிஷீன் என்று சொன்ன மாலை

“அந்த வயலோட பேரைச் சொல்லுங்கப்பா.”

இதை மட்டும் அப்பாவிடம் கேட்கவே கூடாது என்று டெர்வ்லாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சொல்லி வைத்திருந்தார்கள். கேட்டுவிட்டாள். அடுப்பருகே படுத்திருந்த நாய் எழுந்தது. அப்பாவையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. கதவின் அடிப்பாகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

அப்பா ஃபெஸ்டி, அவித்த உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே இருந்தார். அவருடைய நிலத்தில் பெயரில்லாத துண்டு கிடையாது. கிணற்று வயல், முள்மர வயல், குதிரை செத்த வயல். மேற்கே, பக்கத்து ஊர் எல்லையை ஒட்டி, யாரும் உழாத மேடு ஒன்று கிடந்தது. அதை மட்டும் ‘அந்தப் பக்கம்’ என்பார். அதையும் வீட்டுக்கு வெளியே நிற்கும்போதுதான் சொல்வார்.

அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் டெர்வ்லா. கால்வே நகரத்தில் பட்டம் வாங்கி வந்து, பாஸ்டனிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் பூர்வீகம் தேடி வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தாள். தாத்தா சொல்லிக் கேட்ட ஊர்ப்பெயர் ஒன்று, அதுவும் பாதி தேய்ந்தது, அவ்வளவுதான் அவர்களிடம் இருக்கும். வயல் வயலாகப் பெயர் விசாரித்து, கடைசியில் ஓர் இடிந்த சுவரின் முன் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்துவாள். அழுவார்கள். பாட்டன் மிதித்தது என்று நீ சொன்னால் சாணியைக்கூடப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவான்கள் என்று அப்பா கேலி செய்வார். ஊரான் பாட்டனுக்கெல்லாம் இடம் கண்டுபிடித்துக் கொடுக்கிறவளால் சொந்த அக்காவுக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

உள்ளறையில் அம்மா டீலியா படுத்திருந்தாள். ஞாயிறு தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டெர்வ்லாவுக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண் குழந்தை, மூச்சில்லாமல் பிறந்தது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார் சாமியார். பொழுது சாய்ந்ததும் ஃபெஸ்டி அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். எங்கே என்று இன்றுவரை சொல்லவில்லை. எந்த மண்ணில் கிடக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும், போய்விடுவேன் என்று அம்மா காலையிலிருந்து அரற்றிக்கொண்டிருந்தாள்.

“பட்டம் வாங்கினது நீ. பயப்படுறதை எங்ககிட்ட விட்டுடு,” என்றார் ஃபெஸ்டி.

அவள் விடவில்லை. சாகப்போகிறவளிடம்கூடச் சொல்லாத அப்படி என்ன ரகசியம், சாமியாருக்குப் பயந்தீர்களா, இப்போது யாருக்குப் பயம் என்று கத்தினாள்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“அதுங்களுக்கு யாரும் பேர் வைக்கல, டெர்வ்லா. அதுங்க காதுல விழுந்தது அந்த இடத்தோட பேர் ஒண்ணுதான். வீட்டுக்குள்ள நின்னு அதைச் சொன்னா, தன்னைத்தான் கூப்பிடுறாங்கன்னு நெனச்சுக்கும். நம்ம புள்ளை மட்டுமில்ல. அங்க பொதைச்ச எல்லாமே.”

அவள் முதுகில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. எல்லைக்கு அப்பால் ஒரு பாஸ்டன்காரருக்காக விசாரித்தபோது, அங்கே மாடு ஓட்டி வந்தவர் அந்த மேட்டைக் காட்டி வாய் தவறிச் சொல்லிவிட்டு அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்ட பெயர் ஒன்று அவளிடம் இருந்தது.

“லிஷீன். அதானே?” அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று உள்ளறைப் பக்கம் திரும்பி இன்னொரு முறை உரக்கச் சொன்னாள். “லிஷீன்.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் மழைச் சத்தம் மட்டும்தான் இருந்தது, ஓட்டின் மேல் விழுந்து கூரை விளிம்பில் வழிந்து முற்றத்துக் கற்களில் சொட்டும், பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய அதே மழை. பிறகு அந்தச் சொட்டல் மாறியது, கல்லில் விழாமல் துணியில் விழுவதுபோல மங்கியது, கதவிடுக்கு வழியாகப் புதிதாகத் தோண்டிய மண்ணின் வாடை வந்தது, அதன் அடியில் புளித்த பாலின் வாடை.

பிறகு கதவு.

தட்டவில்லை. தடவியது. ஈரக் கை. தாழ்ப்பாளுக்கு வெகு கீழே. முழங்கால் உயரத்தில். ஒரு கை மட்டுமில்லை. சுவரிலும். ஜன்னலுக்குக் கீழேயும்.

“கூப்பிட்டவங்கதான் கொண்டுபோய் விடணும்,” என்றார் ஃபெஸ்டி, குரலே இல்லாமல். “எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. அவதான் கடைசியா சொன்னவ. கொண்டுபோய் விட்டா. திரும்பி வரல.”

அவருக்குத் தங்கை இருந்தது டெர்வ்லாவுக்கு அன்றுதான் தெரியும்.

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. பல நாளாக இல்லாத தெளிவு.

“யாரு அது? புள்ளைங்களை மழையில நிக்க வைக்காதடி.”

டெர்வ்லா ரப்பர் பூட்ஸை மாட்டினாள். ஒரு பூட்ஸ் காலில் ஏறவில்லை, உதறி மறுபடி மாட்டினாள். அப்பா எழவில்லை. வெளியே கால் வைத்ததும் கதவை இழுத்துச் சாத்திவிடு, ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது என்று மட்டும் கெஞ்சினார். அம்மாவின் குரலைக் கேட்டபோதே அவள் முடிவு செய்துவிட்டாள்.

தாழ்ப்பாளை நீக்கினாள்.

விளக்கொளி எட்டிய மட்டும் முற்றம் நிறைந்திருந்தது. மதிலுக்கு அப்பால், ஒளி எட்டாத இடத்திலும் அசைந்தது. முழங்கால் உயரம். சுற்றிய துணி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் துணி ஈரமாய் ஒட்டியிருந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் அது உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது.

முன்னால் நின்ற ஒன்று அவள் கெண்டைக்காலை உரசிக்கொண்டு உள்ளே நுழைந்தது. உறைந்த தண்ணீரின் குளிர். அவள் தடுக்கவில்லை. பின்னால் அப்பாவின் நாற்காலி சாய்ந்து விழுந்தது. கட்டில் கிரீச்சிட்டது. அம்மா தாலாட்டத் தொடங்கினாள்.

மற்றவை காத்திருந்தன. டெர்வ்லா கையை நீட்டினாள். நகமே முளைக்காத விரல்கள் அவள் சுண்டுவிரலைப் பற்றின. அடுத்த விரலை வேறொன்று. பாவாடை ஓரத்தை ஒன்று. பிறகு எல்லாத் துணிகளும், ஒரே நேரத்தில், மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தின.

கதவைச் சாத்தாமல், அவள் மேற்கே நடந்தாள்.