நடுப்பாறை

குப்பியில் தண்ணீர் மறுபடியும் நீலமாகிவிட்டது.

சின்னு அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கியபின் தெளிவாக நின்றால் தொட்டியில் பாசிக்குத் தீனியாகும் பாஸ்பேட் இல்லை என்று அர்த்தம். நீலம் கூடக் கூட பாஸ்பேட் கூடுதல், பாசியும் கூடுதல். நேற்றுதான் பாதித் தண்ணீரை மாற்றியிருந்தாள். இப்படிக் கருநீலமாக வர எந்த நியாயமும் இல்லை.

கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு நின்ற அந்தப் பவளப்பாறை மீன்தொட்டி அக்காவுடையது. பம்பு ஓயாமல் முனகும். மூடியைத் திறந்தால் உப்பு வாடையோடு இன்னொரு வாடையும் வரும், ஈரத்தலையைத் துவட்டாமல் படுத்து எழுந்த தலையணையின் வாடை. பாறைகள் எல்லாவற்றிலும் பச்சைப் பாசி விரல் நீளத்துக்கு முடி முடியாகத் தொங்கியது. பாதிப் பவளம் அதற்கு அடியில் மூச்சு முட்டிச் செத்திருந்தது. எல்லாவற்றையும்விட நடுப்பாறையில்தான் அடர்த்தி அதிகம். மீன்கள் அந்தப் பக்கமே போவதில்லை, இடது மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்கும்.

சின்னு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். விடாத காய்ச்சல் ஒன்று அவளைப் பாயும் படுக்கையுமாகக் கிடத்தியபோது, "வாடகை அறையைக் காலி பண்ணிட்டு என்கூட வந்துடு, உனக்கு யாருடி இருக்கா?" என்று அழைத்து வந்தது அக்காதான். வேளைக்குச் சூப், வேளைக்குப் பால், இரவில் கால் பிடித்துவிடுவது வரை. அம்மாகூட இவ்வளவு பார்த்ததில்லை என்று நினைத்துச் சின்னு சில நாள் அழுதிருக்கிறாள். உடம்பு தேறியதும் கைம்மாறாக ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் இந்தத் தொட்டியைக் கையில் எடுத்தாள்.

படிப்படியாகத்தான் தேடினாள். ஊற்றும் தண்ணீரைச் சோதித்தாள், சுத்தம். மீன் தீனியை அலசிவிட்டுப் போட்டாள். வடிகட்டியைப் பிரித்துக் கழுவினாள். எல்லாம் விழலுக்கு இறைத்த நீர். வெளியிலிருந்து எதுவும் வரவில்லை என்றால், யாரோ உள்ளே எதையோ போடுகிறார்கள். வீட்டில் இருப்பதோ இரண்டு பேர்.

"அக்கா, எனக்குத் தெரியாம தீனி போடுறியா?"

சூப்புக் கிண்ணத்தை நீட்டிய அக்கா சிரித்தாள். "நான் ஏண்டி போடப் போறேன்? உனக்கு ஊட்டவே எனக்கு நேரம் பத்தல."

நீட்டிய கையில் முழுக்கைச் சட்டை கொஞ்சம் மேலேறியது. முழங்கைக்குக் கீழே வட்டம் வட்டமாகக் குழிப் புண்கள், சில ஆறியவை, சில ஆறாதவை.

"என்னக்கா இது?"

"எண்ணெய் தெறிச்சுடுச்சு. குடி, ஆறிடும்."

எண்ணெய் பட்டால் தோல் சுருங்கும், இப்படிக் குழியாகாது. எத்தனை கைகளில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தவள் அவள்! ஆனாலும் அக்காவிடம் போய்க் குறுக்கு விசாரணையா என்று விட்டுவிட்டாள்.

மிச்சமிருந்த சந்தேகம் பாறைதான். பழைய பாறை பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சந்தேகமான பாறையைத் தனியே ஒரு வாளியில், புது உப்புநீரில், வெளிச்சம் படாமல் மூடிவைத்து, பிறகு அந்தத் தண்ணீரைச் சோதிப்பது. "நடுப்பாறையை மட்டும் அசைக்காத, சரிஞ்சுடும்" என்று அக்கா பலமுறை சொல்லியிருந்தாள். அதனால்தான் அக்கா தையல் கடைக்குப் போன மத்தியானமாகப் பார்த்துக் கையை விட்டாள்.

பாறை எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது. அது வெளியே வந்ததும் மூலையில் கிடந்த மீன்கள் தொட்டி முழுக்கப் பாய்ந்து சுற்றின. இடம் கிடைத்த சந்தோஷம் என்று அவளும் சிரித்துக்கொண்டாள். அக்கா கண்ணில் படாமலிருக்க வாளியைத் தன் அறைக்கே கொண்டுபோய், ஜன்னலைச் சாத்தி, கட்டிலருகே வைத்து மூடினாள்.

சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. சோதிக்க வேண்டித் தண்ணீர் எடுக்க மூடியை நகர்த்தி விரலை விட்டாள். சூடு. வாளிக்குள் ஹீட்டர் வைக்கவில்லை. காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது.

குப்பியில் சொட்டு விழுந்ததுமே நீலம். காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை.

வாசலில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. கூடத்தில் நின்றது. தொட்டியின் நடுவே காலியிடத்தைப் பார்த்திருப்பாள். திட்டு விழப்போகிறது என்று சின்னு அறைவாசலுக்கு வந்தாள். அக்கா திட்டவில்லை. அவள் கண்களில் தண்ணீர் தளும்பியது, முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"நீயே கூட்டிட்டுப் போயிட்டியாடி? எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன்."

"எதைக்கா?"

அக்கா அவள் கன்னத்தைத் தடவினாள். தடவிய கையையே அவள் நெஞ்சில் வைத்து உள்ளே தள்ளினாள். கதவு சாத்தப்பட்டது. வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

"அக்கா! விளையாடாத. கதவத் திற!"

"பயப்படாதடி." சூப் ஊட்டும்போது பேசுகிற அதே குரல். "என்னால முடிஞ்ச வரைக்கும் குடுத்தேன். கை ரெண்டுலயும் இடம் இல்ல. அது முழுசா ஒரு ஆள் கேட்டுச்சு. என்னைத்தான் கேட்டுச்சு சின்னு. நான் உன்னைச் சொன்னேன்."

சின்னு இரண்டு கையாலும் கதவைத் தள்ளிப் பார்த்தாள்.

"காய்ச்சல் உடம்பு அதுக்குப் பிடிக்கல. தேறட்டும்னு இத்தனை நாள் காத்திருந்தேன்."

சூப். பால். கால் பிடித்துவிட்ட விரல்கள். அழுத்தி அழுத்திச் சதை பார்த்த விரல்கள். ஆடு கசாப்புக்காரனைத்தான் நம்பும் என்பார்கள்; அவள் நம்பியது மட்டுமா, அவனுக்காக அழுதும் இருக்கிறாள். பயத்தைவிட அதுதான் முதலில் வலித்தது. நம்ப வைத்துக் கழுத்தறுக்க இவளுக்கு எப்படி மனம் வந்தது?

"நான் உன் தங்கச்சிக்கா!"



பின்னால், வாளி மூடி தரையில் விழுந்து சுழன்றது. சுழன்று, அடங்கியது.

சின்னு திரும்பவில்லை. கதவை அறைந்தாள். கைப்பிடியை உலுக்கினாள். பம்பு இல்லாத அறையில் முனகல் கேட்டது. வாளி சாய்ந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் அவள் பாதங்களைச் சுற்றிக்கொண்டு ஓடியது. தலையணை வாடை. ஈர முடி. கணுக்காலில் ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

இழுத்தது.

முகம் தரையில் மோதியது. கன்னம் தரையோடு ஒட்டிக் கிடக்க, கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு கண்ணுக்கு நேராக வந்தது. வெளியே கூடத்து விளக்கு எரிந்தது. அக்கா போகவில்லை. அவளுடைய இரண்டு பாதங்களும் அங்கேயே இருந்தன, தொட்டுவிடும் தூரத்தில்.

சின்னு இடுக்கில் விரல்களை நுழைத்தாள்.

"அக்கா..."

தண்ணீர் அவள் விரல்களைத் தாண்டி வெளியே வழிந்தது. பாதங்கள், நனைந்துவிடாமல், ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றன.