கோட்டின் கடைசி ஆள்

பின்னாலிருந்து "நகரு" என்று குரல் வந்ததும், கடைக்குட்டி இரண்டடி முன்னால் நகர்ந்து, எதிரே குனிந்து வெட்டிக்கொண்டிருந்த டீச்சரின் முதுகைப் பார்த்து "நகரு" என்று தானும் சொல்லிவிட்டான். சொல்லி முடித்து, வாரியை மறுபடி தரையில் ஊன்றிய பிறகுதான், தனக்குப் பின்னால் ஆளே கிடையாது என்பது உறைத்தது.

எட்டுப் பேர் கொண்ட கோஷ்டி அது. காட்டுத்தீ அணைப்பது என்றால் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது என்று வெளியில் இருக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மலைச்சரிவில் தண்ணீருக்கு எங்கே போவது? தீ வருகிற வழியில் புல், சருகு, வேர் எல்லாவற்றையும் வெட்டிச் சுரண்டி, வெறும் மண் தெரியும்படி நீளமாக ஒரு கோடு போடுவதுதான் இவர்கள் பிழைப்பு. கோடு வரைக்கும் வந்த தீ, தின்ன எதுவும் கிடைக்காமல் படுத்துவிடும். முதல் ஆள் வழி பார்த்துப் போவான். அவனுக்கு அடுத்து ரம்பக்காரர், அப்புறம் கோடரிகள், மண்வெட்டிகள். கடைசி ஆள் பல் வைத்த வாரியால் மிச்சம்மீதியை ஒதுக்கித் தரையைத் துடைத்துவிட வேண்டும். பின்னால் வருகிறவர் நம்மை எட்டிவிட்டால் "நகரு" என்பார். ஏன் என்று கேட்கக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. நகர்ந்துவிட்டு, அந்தச் சொல்லை அப்படியே முன்னால் இருப்பவரிடம் தள்ளிவிட வேண்டும். பின்னாலிருந்து தீ துரத்தினாலும் அதே சொல்தான். வாய் அதற்குப் பழகிப்போய், தூக்கத்தில் மனைவியிடம் "நகரு" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இந்தக் கோஷ்டியில் மூன்று பேர் உண்டு.

வீட்டில் கடைசிப் பிள்ளை, கோட்டிலும் கடைசி. அதனால்தான் முப்பத்திநாலு வயதில், ஒரு பெண் குழந்தைக்கு அப்பாவான பிறகும், அவன் எல்லாருக்கும் கடைக்குட்டி. முதல் ஆளாகப் போகிறவன் இவனுடைய சொந்த அண்ணன். வாக்கி-டாக்கி இரண்டே இரண்டு: ஒன்று அண்ணனிடம், ஒன்று இவனிடம்.

அது கரகரத்தது. "என்னடா, எதுக்கு விரட்டுற? என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு நான் என்ன ஓட்டப்பந்தயமா ஓடணும்?"

"இல்லண்ணே. இடைவெளி விழுந்த மாதிரி இருந்துச்சு."

அண்ணனின் வலது முட்டி வீங்கி ஒரு வாரமாகிறது. பட்டையை இறுக்கிக் கட்டி, வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். காலையில் வண்டி ஏறும்போது அண்ணி இவனைத்தான் தனியாகக் கூப்பிட்டாள். "அவரு சொன்னாக் கேக்க மாட்டாரு. நீதான் பாத்துக் கூட்டிட்டு வரணும்" என்றாள். சரி அண்ணி என்று தலையாட்டிவிட்டு வந்தான். அண்ணன் முன்னால் இருப்பான், தம்பி பின்னால் இருப்பான், நடுவில் ஆறு பேர் இருப்பார்கள் என்பதெல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

மதியம் மூன்று மணிதான் ஆகியிருந்தது, ஆனால் வெயில் பித்தளை நிறத்தில் அழுக்காக இறங்கிக்கொண்டிருந்தது. மேலே, ஏற்கெனவே எரிந்து முடிந்த கரிக்காட்டில் ஆரம்பித்து, மலையின் இடுப்பு ஓரமாகக் கீழ்நோக்கிக் கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். இடதுபுறம் ஆள் உயரத்துக்கு மேல் முள்புதர், ஒரு கை நுழைக்க முடியாத அடர்த்தி. வலதுபுறம் செங்குத்தான சரிவு; அதன் அடியில் எங்கேயோ தீ மெதுவாக மென்றுகொண்டிருந்தது. நடுவில் ஓர் ஆள் அகலத்துக்குக் கோடு. கரிப்புகையும் பச்சை இலை வேகும் வாடையும் கலந்து தொண்டையில் ஒட்டியது. கீழே ரம்பம் இரைந்து நின்றது, இரைந்து நின்றது. அது நிற்கும் இடைவெளிகளில் மண்வெட்டிகள் வேரைக் கொத்தும் சத்தமும், அவனுடைய வாரி மண்ணைக் கீறும் சத்தமும், அதற்கு அரைநொடி தள்ளி, அவனுக்குப் பின்னால், இன்னொரு வாரி மண்ணைக் கீறும் சத்தமும் கேட்டன.

அவன் வாரியை நிறுத்தினான். பின்னால் இருந்தது இன்னும் ஒரு தடவை கீறிவிட்டு நின்றது.

மலையில் சத்தம் எதிரொலிக்கும். அதுகூடத் தெரியாதவனா அவன்? ஆனாலும் திரும்பிப் பார்த்தான். வளைவு வரைக்கும் கோடு வெறுமையாகக் கிடந்தது, வளைவுக்கு அப்பால் புகை. கிட்டத்தில், அவன் சற்றுமுன் துடைத்துவிட்டு வந்த மண்ணில், அவனுடைய வாரியின் பல்தடங்கள் தெரிந்தன. நீளவாக்கில் இழுத்த தடங்கள். அவற்றின் மேல், குறுக்குவாக்கில், வேறு யாரோ இழுத்த தடங்கள் இருந்தன.

குறுக்கே இழுப்பவன் இந்தக் கோஷ்டியில் ஒருவன்தான் இருந்தான். ஒட்டகம் என்று கூப்பிடுவார்கள். ஆறடி மூன்று அங்குலம், நிமிர்ந்தால் கிளை இடிக்கும் என்று எப்போதும் கூனியே நடப்பான். போன கோடையில் செத்துப்போனான்.

"தம்பி, காலையில என்னத்தச் சாப்பிட்ட?" டீச்சர் திரும்பாமலே கேட்டாள். பள்ளிக்கூட வேலை போய் மண்வெட்டி பிடிக்க வந்தவள், இவனைவிடப் பத்து வயது பெரியவள். "வண்டி நிக்குது, போகுது, மறுபடி நிக்குது."

"ஒண்ணுமில்ல டீச்சர். நீங்க வெட்டுங்க."

"நகரு ராசா, நகரு."

இது டீச்சர் சொன்னதில்லை. பின்னாலிருந்து, பத்தடி தூரத்தில், கொஞ்சம் கிண்டலாக, மூக்கால் பேசுகிற குரலில் வந்தது. ராசா போட்டுக் கூப்பிடுபவனும் அந்த ஒருவன்தான். கடைக்குட்டியின் முதுகில் வேர்வை அப்படியே குளிர்ந்துபோனது.

ஒட்டகம் பெரிய குறும்புக்காரன். போன கோடை வரைக்கும் அவன்தான் கோட்டின் கடைசி. கடைக்குட்டி அவனுக்கு முன்னால். ஒன்றுமே இல்லாதபோது "நகரு ராசா" என்று கத்தி, மற்ற ஏழு பேரும் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்துச் சிரிப்பான். புலி வருது கதைதான். ஒரு நாள், உச்சி வெயிலில், மூன்றாவது தடவையாக அவன் அப்படிக் கூப்பிட்டபோது கடைக்குட்டிக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. கேட்காதமாதிரி நின்றான். குறுகலான கோட்டின் நடுவில், கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே நின்றான். நாலாவது தடவை கூப்பிட்டான், அப்போதும் நகரவில்லை. ஐந்தாவது தடவை வந்தது வார்த்தையாக இல்லை. பிடரி சுட்ட பிறகுதான் கடைக்குட்டி ஓடினான், ஒட்டகத்துக்கு அதற்குள் நேரம் கடந்துவிட்டது. விசாரணையில் "ரம்பச் சத்தத்துல எனக்குக் கேக்கல" என்று கடைக்குட்டி சொன்னான். அண்ணன் அதிகாரி முன்னால் எழுந்து நின்று, "கேட்டிருந்தா நகர்ந்திருப்பான் சார். என் தம்பியை எனக்குத் தெரியும்" என்றான். பொய்யைக் கடைக்குட்டி ஒரு தடவைதான் சொன்னான். அண்ணன் அதை வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

யாரும் விரும்பாத கடைசி இடத்தை இந்தக் கோடையில் இவனே கேட்டு வாங்கிக்கொண்டான். நண்பன் போன துக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில், பின்னால் யாரும் நிற்கக் கூடாது என்பதுதான் காரணம்.

"நகரு ராசா."

ஐந்தடியில். கரிந்த துணியின் நாற்றமும் கூடவே வந்தது.

சொல்லைத் தள்ளுவதா, நிறுத்துவதா? போன தடவை நிறுத்தினான், ஓர் ஆள் போனான். இது எச்சரிக்கையாக இருந்தால்? மேலே கரிக்காட்டில் ஏதாவது மிச்சம் இருந்து, அது இறங்கி வந்துகொண்டிருந்தால்? தள்ளினால் எல்லாரும் இன்னும் கீழே, பள்ளத்துக்குள் போவார்கள். முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது. அவனுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே வாயைத் திறந்தான்.

"நகரு."

டீச்சர் நகர்ந்தாள். சொல் கைமாறிக் கைமாறிக் கீழே போயிற்று. பின்னாலிருந்து மறுபடி வந்தது, அவன் மறுபடி தள்ளினான். மறுபடி. எத்தனை தடவை என்று தெரியவில்லை. வெட்டுவது பாதியும் ஓடுவது பாதியுமாக, எட்டுப் பேரும் அரை மணி நேரத்தில் மலையின் மடிப்புக்குள் இறங்கிவிட்டார்கள். அங்கே கோடு இன்னும் குறுகலாக இருந்தது.

அப்போது காற்று நின்றது. பஞ்சு போல மேலே போய்க்கொண்டிருந்த சாம்பல் துகள்கள் ஒரு கணம் அப்படியே அந்தரத்தில் தொங்கின. பிறகு எல்லாம் சேர்ந்து அவன் முகத்தை நோக்கி வந்தன.

வாக்கி-டாக்கியில் அண்ணன் குரல் சன்னமாக வந்தது. பயந்தால் அவன் கத்த மாட்டான், குரலைத் தாழ்த்துவான். "காத்து திரும்பிடுச்சு. தீ எனக்கு நேர் கீழ இருக்கு, ஏறி வருது. எல்லாரும் கரிக்காட்டுக்குப் போங்க. கடைக்குட்டி, கோட்டைத் திருப்பு. நீதான் இப்ப முதல் ஆள்."

கரிந்த இடம் மறுபடி எரியாது. அங்கே போய்ச் சேர்ந்தால் பிழைத்தார்கள். ஒரு கோட்டைத் திருப்பும்போது கடைசி ஆள்தான் வழிநடத்த வேண்டும், அதுவும் சட்டம். அப்படியென்றால் முதலில் போகிறவன் கடைசி. முட்டி வீங்கிய அண்ணன் தீக்குப் பக்கத்தில்.

"டேய். மேல வழி சுத்தமா இருக்கா?"

கடைக்குட்டி வளைவைப் பார்த்தான். புகைக்குள் ஏதோ நெட்டையாக அசைந்தது. என்னவென்று சொல்வது? சொன்னால் யார் நம்புவார்கள்?

"இருக்குண்ணே."

ஏறினான். பின்னால் டீச்சரின் மூச்சு, அவளுக்குப் பின்னால் மற்றவர்களின் பூட்ஸ் சத்தம். அதற்கும் பின்னால் ரயில் வருவது போல ஒரு நீண்ட இரைச்சல். வெளிச்சம் ஆரஞ்சாகி, பழுப்பாகி, கையை நீட்டினால் விரல் தெரியாத அளவுக்கு வந்தது. வளைவைத் தாண்டினான். இன்னும் இருநூறடி. புகை ஒரு கணம் விலகி, கரிக்காட்டின் விளிம்பு தெரிந்தது, கருப்பாக, குளிர்ந்துபோய், எட்டிப் பிடிக்கிற தூரத்தில்.

அதற்கும் அவனுக்கும் நடுவில் ஒரு முதுகு.

கூனிய முதுகு. நெட்டையான உருவம். கையில் வாரி. மேலே பார்த்தபடி நின்றது. கால்கள் அகட்டி, கோட்டின் இரண்டு ஓரத்தையும் தொட்டுக்கொண்டு.

கடைக்குட்டி நின்றான். டீச்சர் அவன் மேல் மோதினாள்.

"போ தம்பி. எதுக்கு நிக்கிற?"

"ஆள் நிக்குது டீச்சர்."

"யாரு? ஒண்ணும் தெரியல. புகையா இருக்கு. நீ போ."

கீழே, வெகு தூரத்தில், அண்ணன் குரல் கிளம்பியது. "நகரு." ரம்பக்காரர் வாங்கினார். கோடரிக்காரர்கள் வாங்கினார்கள். ஏழு வாய் தாண்டி, டீச்சரின் வாயிலிருந்து அவன் காதுக்கு வந்தது. அவன் அதை முன்னால் தள்ள வேண்டும். சட்டம் அதுதான்.

"நகரு," என்றான்.

முதுகு அசையவில்லை.

இடதுபுறம் பாய்ந்தான். முள் ஹெல்மெட்டைப் பிடித்து, கன்னத்தைக் கிழித்து, திருப்பித் தள்ளியது. வலதுபுறம் காலை வைத்தான். மண் சரிந்தது, கீழே சிவப்பு. டீச்சர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டாள். எழுந்து, இரண்டு கையாலும் அந்த முதுகைத் தள்ளினான். துணி பொரபொரவென்று உதிர்ந்தது. அடியில் இருந்தது அடுப்புக்கல் மாதிரி சுட்டது, அடுப்புக்கல் மாதிரியே கனத்தது. கையுறை உருகி ஒட்டியது.

"நகரு." மறுபடி கீழேயிருந்து. அண்ணன் குரலில் இப்போது அவசரம் இருந்தது. ரம்பக்காரர். கோடரி. கோடரி. டீச்சர்.

"எனக்குக் கேட்டுச்சு," என்றான் கடைக்குட்டி. வாக்கி-டாக்கியின் பொத்தான் கட்டைவிரலுக்கு அடியில் அமுங்கியிருந்தது அவனுக்குத் தெரியாது. "போன வருஷம் எனக்கு நல்லாக் கேட்டுச்சுடா. கோவத்துல நின்னேன். நான்தான். எங்க அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது. என்னை எடுத்துக்கோ. அவனை விட்டுடு. நகருடா, உன் கால்ல விழுறேன்."

விழுந்தான். பிடித்த பூட்ஸ் கரியாகி உள்ளங்கையில் நொறுங்கியது. உள்ளே இருந்த கால் நகரவில்லை.

வாக்கி-டாக்கி இரைந்தது. பிறகு அண்ணன் குரல், மிகவும் தாழ்ந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி.

"கேட்டுச்சாடா?"

அவ்வளவுதான். இரைச்சலும் நின்றுவிட்டது.

"நகரு" மறுபடி மேலே ஏறி வந்தது. இந்தத் தடவை அது ரம்பக்காரரின் குரலில் ஆரம்பித்தது. கடைக்குட்டி அதைத் தள்ளினான். அடுத்த தடவை கோடரிக்காரர் ஒருவரின் குரலில் ஆரம்பித்தது. அதையும் தள்ளினான். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் கிட்டத்தில் பிறந்தது, இன்னும் சீக்கிரமாக அவனை வந்து எட்டியது. ஐந்து வாய். நாலு. மூன்று. டீச்சர் அவன் தோளைப் பிடித்திருந்தாள், அவள் விரல்கள் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தன. இரண்டு.

"நகரு," என்றாள் டீச்சர். அவளுக்குப் பின்னாலிருந்து யாரும் அதைச் சொல்லவில்லை.

"நகரு," என்றான் அவன்.

ஒட்டகத்தின் முதுகு, கரிக்காட்டைப் பார்த்தபடி, கால்களை அகட்டி, நின்றது நின்றபடியே இருந்தது.