மழை பெய்யாத ஊரின் வடிகால்

செவ்வாயில் மழை பெய்ததே கிடையாது. ஆனாலும் மூன்றாம் குவிமாடத்தில் ஆண்டுதோறும் ஐப்பசி பிறப்பதற்குள் மழைநீர் வடிகால் ஆய்வை முடித்துவிட வேண்டும் என்பது விதி. பூமியிலிருந்து கட்டட விதிகளைக் கொண்டுவந்தவர்கள் ஒரு பக்கம் விடாமல் அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். தெருவுக்கு ஒரு சாக்கடைக் குழாய், ஒரு மழைநீர் வடிகால் என்று அதில் இருந்தது. கட்டினார்கள். வடிகாலைக் குவிமாடத்துக்கு வெளியே செம்மண் வெளிவரை நீட்டி, காற்றைத் தடுத்து நீரை மட்டும் வெளியே விடும் ஒருவழிக் கதவையும் முனையில் வைத்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை படிவத்தில் "உலர்ந்த நிலை, தரம் ஒன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். உள்ளே யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

தமயந்தியின் கவலை வடிகாலைப் பற்றியதல்ல, சாக்கடையைப் பற்றியது. அவள் குழாய் மதிப்பீட்டாளர். முழங்கை நீளமுள்ள ஓர் ஊர்ந்துசெல்லும் இயந்திரம் அவளிடம் இருந்தது. எல்லோரும் அதை உடும்பு என்றார்கள். அது குழாய்க்குள் போய் விளக்கடித்துப் படம் பிடிக்கும். ஒலியலை அனுப்பிச் சுவரின் தடிப்பை அளக்கும். அவற்றைப் பார்த்து அவள் ஒன்றிலிருந்து ஐந்துவரை தரம் போடுவாள். ஒன்று என்றால் புதிது போல. ஐந்து என்றால் இன்றைக்கோ நாளைக்கோ இடிந்துவிடும்.

மூன்றாண்டுகளுக்கு முன் பிசுக்கையும் அடைப்பையும் பார்த்து அவள் மூன்று போட்ட குழாய்கள் போன ஆண்டு இரண்டாயின. இந்த ஆண்டு ஒன்று. குழாய்க்கு வயதாக ஆக நிலை மோசமாகத்தான் வேண்டும். தேறி வருவதாக எந்தப் பாடத்திலும் இல்லை. தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பகலில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் படித்துத் தேறியவள். பகலில் படித்தவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று தனக்கு விட்டுப்போயிருக்கும் என்று எப்போதும் நினைப்பாள்.

தலைமைப் பொறியாளர் சற்குணம் அவளைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். விளக்கம் கேட்கும் நோட்டீஸ்.

"வீடுகள்லேர்ந்து போற தண்ணியில பத்துல ஒரு பங்குகூட மீள்நீர் நிலையத்துக்கு வந்து சேரலம்மா. நடுவுல எங்கயோ ஒழுகுது. நீ என்னடான்னா எல்லாத்துக்கும் ஒண்ணு போட்டு வச்சிருக்க. உடும்பை உள்ள விட்டியா, இல்ல சீட்ல உக்காந்தே எழுதிட்டியா?"

"விட்டேன் சார். மூணு தடவை."

"பத்து நாள் டைம். ஒழுகற இடத்தைக் காட்டு. இல்லேன்னா லைசென்ஸை ரத்து பண்ணச் சொல்லி நானே எழுத வேண்டியிருக்கும்."

அந்த ஊரில் வாரம் மூன்றாக இருந்த குளியல் ஒன்றாகக் குறைந்திருந்தது. பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா தோளில் துண்டோடு வழிமறித்தாள்.

"என்னடி, உன் குழாய் ஓட்டையால நாங்கெல்லாம் நாறிக்கிட்டு இருக்கோம். கண்ணாடி கிண்ணாடி போட்டுப் பாரேன்."

"பாத்துட்டுதான்க்கா இருக்கேன்."

"இன்னும் என்னத்தப் பாக்குற? உன் மூஞ்சியே மூணு மாசம் குளிக்காத மாதிரி இருக்கு."

எட்டு நாள் அவள் பழைய படங்களையே மீட்டர் மீட்டராகத் திரும்பப் பார்த்தாள். விரிசல் இல்லை, இணைப்பு விலகவில்லை, அரிப்பு இல்லை. குழாய்களின் அடியில் பிசுக்குக்கூட இல்லை. ஒன்பதாம் நாள் கண் எரிந்தது. படங்களை மூடிவிட்டு, அடுத்த வேலை என்ன என்று பார்த்தாள். மழைநீர் வடிகால் ஆய்வு. வழக்கம்போல எழுதிவிட்டுப் படுக்கப் போகலாம் என்று பேனாவை எடுத்தாள். "சீட்ல உக்காந்தே எழுதிட்டியா" என்ற குரல் காதில் கேட்டது. உடும்பைத் தூக்கிக்கொண்டு போய் வடிகாலின் மூடியைத் திறந்தாள்.

வாடை முகத்தில் அடித்தது.

முதலில் உடும்பின் உணரிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். திரையில் தெரிந்தது நீர்; அரைக் குழாய் அளவுக்கு, நுரையோடு, முடிக்கற்றைகளோடு, சுழித்து ஓடியது. உடும்பு நீந்தியபடியே மேலே போனது. ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே சுவரில் ஒரு துளை. துளையில் ஒரு வளைகுழாய். சிலவற்றில் பூச்சு ஒழுங்காக இருந்தது, சிலவற்றில் துணி சுற்றி அடைத்திருந்தார்கள். கடைசிவரை எண்ணினாள். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் முந்நூற்று எண்பத்தொன்பது. கீழே வெளிமுனையில், ஒருவழிக் கதவுக்கு அப்பால், ஓர் ஏரி அளவுக்கு அழுக்குப் பனி உறைந்து கிடந்தது.

சாக்கடைக் குழாய்கள் ஏன் தேறிவந்தன என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவற்றை அநேகமாக யாரும் பயன்படுத்தவே இல்லை.

அன்று சாயங்காலம் பிலோமினா அக்காவிடம் நேராகவே கேட்டாள்.

"ஆமா, நானும்தான் மாத்தினேன்," என்றாள் அக்கா, கொஞ்சமும் கூசாமல். "சாக்கடைன்னா வாரா வாரம் அந்த வடிகட்டியக் கழட்டி முடி எடுக்கணும், எண்ணெய் வழிக்கணும். கழுவலேன்னா மணி வேற அடிக்குது. இது வாசல்லயே சும்மா கிடக்குற குழாய்தான? ஊரே மாத்திடுச்சு. உங்கிட்ட யாரும் சொல்லலையா?"

"இல்லக்கா."

"நீ ஆபீஸ்காரியாச்சே, அதான்."

குழாய் மாற்றிய வீடுகளென்று அவள் எழுதிக் கொடுத்த பட்டியலைச் சற்குணம் முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். மூன்றாவது வரியில் அவருடைய குடியிருப்பின் எண் இருந்தது. வேகமாகப் பக்கத்தைத் திருப்பினார்.

"இத்தனை வீட்டையும் இடிச்சு மாத்த முடியுமா?" என்றார் கடைசியில். "ஒரு வழி இருக்கு. வடிகாலையே நிலையத்துக்குத் திருப்பி விட்டுடலாம். அதுதான் இனிமே சாக்கடை. ஆனா நல்லா இருக்கற குழாயை எதுக்குக் கைவிடறீங்கன்னு மேல கேப்பாங்க. நீ பழசுக்கு அஞ்சு போட்டுக் குடு. நோட்டீஸும் போயிடும்."

தமயந்தி படிவத்தை எடுத்தாள். மூன்று ஆண்டுகளில் முதல்முறையாக அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"ஒண்ணுதான் சார்," என்றாள், எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. பழைய சாக்கடைக் குழாய் தரம் ஐந்து. மதிப்பீட்டாளர் தவறுதலாக ஒன்று எனக் குறித்திருக்கிறார். அவர் உரிமம் ஓராண்டுக்கு நிறுத்தப்படுகிறது. மாலை வகுப்பில் மறுபடி சேர்ந்து தேற வேண்டும். மழைநீர் வடிகால் இனிச் சாக்கடையாகும்; எல்லா வீடுகளும் அதில் வடிகட்டி பொருத்த வேண்டும். விதிப்படி தெருவுக்கு ஒரு மழைநீர் வடிகால் இருந்தாக வேண்டும் என்பதால், புதிதாக ஒன்று தோண்டப்படும்.

நீர் திரும்பி வரத் தொடங்கியது. குளியல் வாரம் இரண்டானது. தமயந்தி பழைய பாடப் புத்தகங்களைப் பையில் அடைத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பியபோது தெருவில் எந்திரங்கள் தோண்டிக்கொண்டிருந்தன. பிலோமினா அக்கா வாசலில் நின்று பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, இந்தப் புதுக் குழாய் நம்ம வாசப் பக்கமாத்தான வருது?"

"ஆமாக்கா. மழைத் தண்ணி போறதுக்கு."

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இதுல வடிகட்டி கிடையாதுல்ல?"