கடைசி ஆள் கதவைச் சாத்தணும்

நாலு துண்டுகளைத்தான் அவள் பக்கெட்டில் நனைத்து வைத்திருந்தாள். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, தங்கைக்கு, தனக்கு. கையை விட்டு எடுத்தபோது ஐந்து வந்தன. ஐந்தாவதும் அந்த வீட்டுத் துண்டு மாதிரிதான் இருந்தது. ஓரம் பிரிந்திருந்தது. சோப்பு வாசனைகூட அதேதான். ஆனால் பக்கெட் தண்ணீரைவிடச் சில்லென்றிருந்தது.

“நீதான் போட்டிருப்ப,” என்றாள் அம்மா. “ஊருக்கே புத்தி சொல்லிச் சொல்லி உன் புத்தி கழண்டு போச்சு.”

தீயணைப்பு நிலையத்தில் போன் எடுப்பது அவள் வேலை. அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்று தெருவெல்லாம் பெருமை பேசுவார்கள். வீட்டுக்குள் அவள் பேச்சை ஒருவரும் கேட்க மாட்டார்கள். போன வாரம் ஒரு பெண் போனில், “எல்லாரும் வெளிய வந்துட்டோம்,” என்று சொல்லிவிட்டு, லைனை வைக்காமலேயே திரும்ப ஆட்களை எண்ணிப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பெண் பேசவே இல்லை. அந்த மௌனத்துக்குப் பிறகு இவளுக்குத் தூக்கம் போயிற்று. தன் வீட்டில் யாரையும் உள்ளே விட்டுவிட்டு வரக் கூடாது. வேறு எதுவும் வேண்டாம்.

வாசல், கூடம், படுக்கையறை, சமையலறை என்று ரயில் பெட்டி மாதிரி நீண்ட வாடகை வீடு. ஒரே வழி. கட்டினவன் இதில் குடியிருக்கப் போவதில்லையே, அவனுக்கென்ன.

“தீப்பிடிச்சா எப்படி வெளிய வர்றதுன்னு ஒத்திகை. நல்லா கேட்டுக்கோங்க. அம்மா சமையலறையில சிலிண்டரை மூடணும். நான் மெயின் சுவிட்சை அணைப்பேன். மூக்குல ஈரத் துண்டு. தவழ்ந்துக்கிட்டே, சுவத்துல வச்ச கையை எடுக்காம வரணும். வாசலைத் தாண்டும்போது சத்தமா ‘போறேன்’னு சொல்லணும். கடைசி ஆள் நான். கதவைச் சாத்திட்டு வருவேன். திறந்து கிடந்தா காத்து போய் தீ பெருகும்.”

“வீட்டை விட்டுக் கிளம்பும்போது எவளாவது போறேன்னு சொல்லுவாளா?” அம்மா துண்டை உதறினாள். “வரேன்னுதான் சொல்லுவேன்.”

“உள்ள வர்றியா, வெளிய போறியான்னு நான் எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?”

“இத்தனை வருஷமா தெரிஞ்சுதுல்ல?”

“சாகுற நேரத்துல இலக்கணம் வேற,” என்றாள் தங்கை. அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சு இயந்திரத்தோடு காலம் தள்ளிக் காது மந்தமாகிப்போன அப்பா, “என்ன சொல்றா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் விட்டுக்கொடுத்தாள். வரேன் என்றே இருக்கட்டும்.

மெயின் சுவிட்சை அணைத்ததும், அதுவரை காதில் விழாமலே ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜின் முனகல் நின்றது. மூடிய ஜன்னல்களுக்குப் பின்னால் அந்தி கறுத்துக்கொண்டிருந்தது. மூக்கில் கட்டிய ஈரத் துணிக்குள் தன் மூச்சே இன்னொருத்தியின் மூச்சு மாதிரி சூடாகத் திரும்பி வர, அவள் வாசற்படியில் முழங்காலிட்டு இருட்டுக்குள் கையை நீட்டிக் காத்திருந்தாள். உள்ளே எங்கோ தண்ணீர் சொட்டியது. பிறகு யாரோ துணி பிழியும் சத்தம். எல்லோரும் துண்டு கட்டியாயிற்றே.

கைக்கு வழுக்கைத் தலை தட்டுப்பட்டது. “வரேம்மா.” அப்பா.

அடுத்து இரட்டைப் பின்னல். “வரேன் ஆபீசரம்மா.” வாலு.

அடுத்து கொண்டை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

“வரேன்.”

அவ்வளவுதான். மூன்று பேரும் வெளியே. நிம்மதியாக எழுந்தாள்.

“வரேன்,” என்றது சமையலறை.

அம்மாவின் குரல்.

அவள் தெருப் பக்கம் திரும்பினாள். விளக்குக் கம்பத்தடியில் மூன்று உருவங்கள். அப்பா. வாலு. முகத்தில் துண்டோடு, அம்மாவின் சேலை.

“இருடி. முட்டி புடிச்சுக்கிச்சு. வரேன்.”

சுவரை உரசிக்கொண்டு ஒரு கை வந்தது. மெதுவாக. கூடத்துக்கு வந்துவிட்டது.

அம்மா வெளியே இருக்கிறாள். அப்படியானால் இது அம்மா இல்லை.

கதவை இழுத்துச் சாத்தினாள். வெளித்தாழ்ப்பாளைப் போட்டாள். ஓடினாள்.

வாலு துண்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா சேலைக்காரியின் கையைப் பிடித்திருந்தார்.

“உங்கம்மாவுக்கு என்னாச்சு? கை இப்படி ஜில்லுனு இருக்கு. கேட்டா வாயே திறக்க மாட்டேங்குறா.”

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். துண்டு மூக்கு வாயோடு ஒட்டிக்கிடந்தது. மூச்சுக்கு அது அசையவில்லை. கொஞ்சங்கூட.

“அக்கா,” என்றாள் வாலு. “ஒத்திகைதானே? ஏன் புகை வருது?”

கதவின் அடியிலிருந்து வந்தது. கறுப்பாக. அடர்த்தியாக.

ஓடினாள். கதவில் உள்ளங்கை பொரிந்தது. உள்ளே இருமல். அப்புறம் கீழே ஏதோ நகர்ந்தது. கதவிடுக்கில் ஓர் ஈரத் துண்டு, மடிப்புக் கலையாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் செருகப்பட்டது. உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தந்தவளும் அவள்தான். மகள் சொன்னதை அம்மா அப்படியே செய்துகொண்டிருந்தாள்.

புகை நின்றது. குரல் சின்னதாகிவிட்டது.

“வரேன்டி. வரேன்.”

தாழ்ப்பாளைப் பிடித்தாள். இழுத்தாள்.

அவள் கையின் மேல் இன்னொரு கை வந்து படிந்தது. தண்ணீர் சொட்டியது. அது தாழ்ப்பாளை மெல்ல, அழுத்தமாக, மறுபடி உள்ளே தள்ளியது.