பேழைக்கு ஒரு ஜன்னல்

பட்டாணியின் தும்பிக்கை காலையிலேயே தயார். பழைய காலுறைக்குள் பஞ்சை அடைத்து, நாடா வைத்து அப்பா தைத்துக் கொடுத்தது. வகுப்பிலேயே அவள்தான் பொடிசு, அதனால்தான் பட்டாணி என்று பெயர். ஆனால் விளையாட்டில் யானையாகத்தான் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று சாதித்திருந்தாள்.

அந்த மழலையர் வகுப்பில் காலை ஜெபம் முடிந்தால் கதை நேரம். இந்த வாரம் பெருவெள்ளக் கதை. கடவுள் சொன்னபடி ஒரு தாத்தா பெரிய பேழை கட்டி, விலங்குகளை ஜோடி ஜோடியாக ஏற்றிக்கொண்டாரே, அதுதான். டீச்சர் பெரிய அட்டைப்பெட்டிகளை ஒட்டிப் பழுப்பு வண்ணம் பூசியிருந்தார். ஒரு பக்கம் கதவு வெட்டி, இன்னொரு பக்கம் நீல நிறத்தில் ஜன்னல் வரைந்திருந்தார்.

பிள்ளைகள் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கொண்டே ஏறினார்கள். முயல்கள் ஏறின. ஆமைகள் ஏறின. யானைகளின் முறை வந்தபோது ஒரு யானைதான் நின்றது.

இன்னொரு யானை வாசலோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அந்த வாரம்தான் சேர்ந்த பையன், டீச்சர் கட்டிவிட்ட காகிதத் தும்பிக்கையோடு. முதுகில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் வெளி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜோடி இல்லாமல் ஏறக்கூடாது என்று ஆமை ஒன்று கறாராகச் சொன்னது. பட்டாணிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. நல்லவேளை, அங்கே தும்பிக்கை இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அவள் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வா. நாம ஏறலேன்னா யானையே இல்லாம போயிடும்."

அவன் தலையாட்டி மறுத்தான். ஏன் என்று கேட்டதற்கு மெல்லச் சொன்னான்.

"உள்ள போனா கதவச் சாத்துவாங்க. அம்மா வந்தா எனக்குத் தெரியாது. நான் இல்லன்னு அம்மா போயிடுவாங்க."

பட்டாணிக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அவன் சொல்வது சரிதானா என்று பார்க்கப் பேழைக்குள் நுழைந்தாள். யானை தனியாக ஏறுகிறது என்று ஆமை புகார் சொன்னது. ஏறவில்லை, பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். வெளியே நீலமாக இருந்த ஜன்னல் உள்ளே வெறும் அட்டையாக இருந்தது.

"டீச்சர், அந்தத் தாத்தா நிஜ ஜன்னல்தானே வச்சாரு?"

"ஆமா. அது வழியாத்தான் புறாவை வெளிய விட்டாரு."

"அப்ப நம்மளது மட்டும் ஏன் சும்மா ஜன்னல்?"

டீச்சர் அவளையும் பார்த்தார், பெஞ்சையும் பார்த்தார். பிறகு போய்க் கத்தியை எடுத்துவந்து, நீலக் கோட்டின் மேலேயே வெட்டினார். திறந்த ஜன்னல் கரும்பலகையைப் பார்த்தபடி இருந்தது. அது போதாது, கேட் தெரிய வேண்டும் என்றாள் பட்டாணி. எல்லா விலங்குகளும் இறங்கி, மூச்சு வாங்கப் பேழையைத் திருப்பி வைத்தன. ஆமைகள்தான் அதிகம் தள்ளின.

பையன் எழுந்து வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். கேட் தெரிந்தது. பையோடு கதவுக்குள் நுழைய முடியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு அதை இறக்கி பெஞ்சில் வைத்தான்.

"ஒண்ணு, ரெண்டு" என்று வகுப்பே எண்ணியது. ஜன்னலோரம் பட்டாணிக்கும் ஆசைதான். இருந்தாலும் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

பள்ளி விடும் நேரம் அவன் அம்மா வேகமாக வந்தார். பெஞ்சில் பை மட்டும் இருந்தது. அவர் முகம் வாடியது. பதறிப்போய் வகுப்புக்குள் காலெடுத்து வைத்தார்.

பேழையின் ஜன்னலில் ஒரு தும்பிக்கை நீண்டது. அதன் பின்னால் ஒரு முகம் சிரித்தது.

"அம்மா, அங்கயே நில்லு. இன்னும் தண்ணி வடியல."

அம்மா எடுத்து வைத்த காலைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.